ஹாங்கருக்குள் ஒரு ஹோமம்

1. வாசல்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எதற்கும் முன்கூட்டியே பயப்படுவது மட்டும் நன்றாக வரும். ரொறன்ரோவின் வடக்கே, பழைய விமானப்படைத் தளமொன்றில் பராமரிப்பு வேலை கிடைத்ததும் நித்திரை போய்விட்டது. ஊரில் படைமுகாம் என்றால் சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடப்போம். இங்கேயும் முதல் நாள் அப்படியே அட்டையை நீட்டிக்கொண்டு போனேன். காவல் கூண்டுக்குள் ஒரு பெண் கோப்பி விற்றுக்கொண்டிருந்தாள். அட்டையைப் பார்த்துவிட்டு, பால் விடவா என்று கேட்டாள்.

போர் விமானங்கள் நின்ற ஹாங்கர்களில், படை போன பிறகு சாமான் அடுக்கினார்களாம். பிறகு சினிமா எடுத்தார்களாம். நான் சேரும்போது ஒரு ஹாங்கரை நடுவில் மறித்து, ஒரு பாதியைப் பந்தடிக்கவும் மற்றப் பாதியை விழாக்களுக்கும் வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

2. தாலிகட்டு

தை மாதக் கலியாணம் ஒன்று வந்தது. வெளியே ஸ்னோ. ஐயர் ஹோமம் வளர்ப்பதால், விழாப் பக்கத்துப் புகை அலாரத்தை அடிக்காதபடி பைபாஸில் போட்டுவிட்டு, தீயணைக்கும் சிலிண்டரோடு நான் காவல் நின்றேன். பயர் வாச் என்போம் அதை.

பெண்ணின் தகப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னண்ணை, பொம்பிளையை விட நீங்கள் நடுங்கிறியள்?"

"புகை கூடிப்போச்சு. ஐயரை நெய்யைக் குறைக்கச் சொல்லுங்கோ."

ஐயருக்குக் கேட்டுவிட்டது. "நெய்யைக் குறைச்சால்தான் ஐயா புகை கூடும்!"

நிமிர்ந்து பார்த்தேன். மறிப்புச் சுவர் கூரையைத் தொடவில்லை. புகை அதற்கு மேலால் பந்தடிக்கும் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஆட்கள் விளையாடியதால் அந்தப் பக்கத்து அலாரத்தை நிறுத்த முடியாது. அது அடித்தால் கட்டடத்தில் உள்ள எல்லோரும் வெளியேற வேண்டும். தீயணைப்புப் படை வந்து பார்த்து முடிக்கும்வரை, கூறைச்சேலையோடு பிள்ளை ஸ்னோவுக்குள் நிற்கும். முகூர்த்தம் போய்விடும்.

"தாலி எப்ப?" என்று தகப்பனைக் கேட்டேன்.

"இப்பத்தான். ஏன்?"

"ஒண்டுமில்லை, நான் பாக்கிறன்."

எங்கள் பக்கத்து வெளிச்சுவரில் உயரத்தில் ஒரு பெரிய விசிறி இருந்தது. ஹாங்கருக்குள் விமான எஞ்சின் திருத்திய காலத்தில் புகையை வெளியே இழுக்கப் பூட்டியது. சத்தத்துக்காகவே, ஆட்கள் இருக்கும்போது அதை ஓட்டுவதில்லை. சுவிச்சைப் போட்டேன். விமானம் கிளம்புவது போல இரைந்தது. சனம் முழுக்கத் திரும்பியது. தகப்பன் ஓடி வந்தார்.

"என்னண்ணை உது, நல்ல நேரத்தில அபசகுனமாய்!"

"கெட்டிமேளத்தை அடிக்கச் சொல்லுங்கோ!" என்று கத்தினேன். கூடாத சத்தம் காதில் விழாமல் இருக்கத்தானே அதை அடிக்கிறார்கள்.

ஐயர் தலையாட்டினார். தவில்காரர் வெளுத்து வாங்கினார். எது விசிறி, எது மேளம் என்று தெரியவில்லை. மேலே புகை மெல்ல வளைந்து விசிறிப் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சைப் போட்டார். அலாரம் அடிக்கவில்லை.

பிறகு விஷயத்தைச் சொன்னதும், தகப்பன் என்னைக் கையில் பிடித்துப் பந்திக்குக் கூட்டிப்போனார். "விசிறிக்காரருக்கு இன்னும் ரெண்டு வடை வையுங்கோ!"

இப்போதெல்லாம் ஹோமம் என்றால் பந்தடி இல்லாத நேரத்தைத்தான் கொடுக்கிறோம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், இவ்வளவு பயம் எதற்கு என்று என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். பயப்படுகிறவன்தான் அண்ணாந்து கூரையைப் பார்ப்பான்.