ஷீட்டுக் கூரையின் கீழ் பகல் தூக்கம்

ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருந்த வயலை விற்றதுபோக மிஞ்சிய துண்டு நிலத்தில், தணிகாசலம் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார். மேலே தகர ஷீட். காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் பழைய லாரி டயர்கள். வாடகை வாங்குவது அவர். குப்பை அள்ளுவது, மோட்டார் போடுவது, கக்கூஸ் அடைத்துக்கொண்டால் ஆள் கூப்பிடுவது எல்லாம் மனைவி பாஞ்சாலி.

குடியிருந்தவர்கள் பெரும்பாலும் தெற்கத்திப் பையன்கள். கடைசி அறை மாசானத்துக்கு. சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. ஓயாத நைட் ஷிஃப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கண் சிவந்திருக்கும். ஆனால் படுத்தால் தூக்கம் வராது.

சித்திரை வெயிலில் ஒருநாள் அறைக்குள் இருக்க முடியாமல் வெளியே வந்து, குப்பை அள்ளிக்கொண்டிருந்த பாஞ்சாலியின் முன்னால் நின்றான்.

"யக்கா, அடுப்பு மேல படுத்த மாதிரி இருக்கு. நேத்து மிஷின் முன்னால நின்னுக்கிட்டே கண்ணசந்துட்டேன். கொஞ்சம் விட்டா கை உள்ள போயிருக்கும்."

"நான் இன்னாப்பா பண்ணட்டும்? தளம் போடச் சொன்னா அந்த ஆளு காதுலயே வாங்க மாட்றாரு."

அப்படிச் சொல்லிவிட்டாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அன்று முதல் மதியம் கிணற்று மோட்டாரைப் போட்டு, ஓஸ் குழாயைப் பிடித்து ஷீட்டின்மேல் தண்ணீர் அடித்தாள். ஷீட் உஸ்ஸென்று ஆவி விட்டது. பையன்கள் கொஞ்சம் தூங்கினார்கள். வெயிலில் நின்று நின்று அவளுக்குத்தான் தலை கிறுகிறுத்தது.

வைகாசியில் மாசானத்துக்குக் காய்ச்சல் கண்டது. லீவு போட்டால் சூப்பர்வைசர் வேறு ஆளை எடுத்துவிடுவார் என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டே போய்வந்தான். ஒரு சாயங்காலம் பஸ் ஏறப் போனவன் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பாஞ்சாலிதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். டெங்கு என்றார்கள். அதற்குள் பக்கத்து அறையிலும் இரண்டு பேர் சுருண்டு படுத்திருந்தார்கள்.

கொசு ஒழிப்பு வேலைக்கு வீடு வீடாகப் போகும் காவேரி ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். பூவரச மரத்தின் நிழல் விழும் பக்கமாக இருந்த டயர்களுக்குள் தண்ணீர் தேங்கி, புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

"மழையே இல்லியே காவேரி," என்றாள் பாஞ்சாலி, ஏணியைப் பிடித்தபடி.

"நீ தெனம் அடிக்கிற தண்ணி கீதே, அது போதாதாக்கா? இந்தச் சூட்டுல சீக்கிரமா கொசுவாயிடுது. இது பகல்ல கடிக்கிற ஜாதி. இவங்களும் பகல்லதான் படுத்துக்கினு கீறாங்க."

மாசானம் தூங்கட்டும் என்றுதான் அவள் அடித்தது. காவேரி இறங்கிப் போனபிறகு தானே ஏறி, டயர்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினாள். அழுக்குத் தண்ணீர் புடவையெல்லாம் தெறித்தது.

"காத்துல ஷீட்டு பறந்தா நீயா புடிச்சிப்ப?" என்று தணிகாசலம் கத்தினார்.

"மண்ணு மூட்டை கட்டி வையி," என்றாள். கட்டிவைத்ததும் அவள்தான்.

தண்ணீர் அடிப்பதை நிறுத்தினாள். வெந்து புழுங்கிய பையன்கள் திரும்பத் திரும்பக் கேட்க, மறுபடி ஆரம்பித்தாள். இப்போது அடித்து முடித்ததும் ஏணியில் ஏறி, எங்காவது தேங்கியிருக்கிறதா என்று பார்த்து இறங்கவேண்டியிருந்தது. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

மாசானம் பிழைத்து வந்தான். பழைய வேலை போய்விட்டது. உடம்பு தேறுமுன்பே வேறொரு கம்பெனியில் சேர்ந்தான். அங்கேயும் நைட் ஷிஃப்ட்தான். பாஞ்சாலி வாலாஜாபாத் போனபோது அவனுக்கென்று ஒரு கொசுவலை வாங்கிவந்து, தானே ஆணியடித்துக் கட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் மதியம் கரண்ட் இல்லை. திறந்து கிடந்த கதவு வழியே எட்டிப் பார்த்தாள். வலையைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டு, வெற்றுடம்போடு சிமெண்ட் தரையில் கிடந்தான்.

"இன்னாப்பா இது?"

"வலைக்குள்ள மூச்சு முட்டுதுக்கா." கண்ணைத் திறக்கவில்லை.

அவளுக்குத் திட்டத் தோன்றவில்லை. வலையை எடுத்து உதறி, அவன் கால்மேல் மட்டும் போர்த்தினாள். அவன் தூக்கத்தில் அதையும் உதைத்துத் தள்ளினான்.