பயத்திலிருந்து மாத்திரைக்கு

மடவளை ஊர் றமீலா பதினோரு வருடமாகப் பிறர் வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள். யார் பொய் சொன்னாலும் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்ற திமிரும் அவளுக்கு உண்டு.

வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பிரஷர் உள்ள பெண்கள் ஏன் மாத்திரையை நிறுத்துகிறார்கள் என்பதே ஆய்வு. றமீலா கேட்டு வந்த பதில்களை வைத்துப் பொறுப்பாளர் ஹபீல் சேர் கட்டங்கள் வரைந்து அம்புகளால் இணைத்திருந்தார். ‘பயம்’ என்ற கட்டத்திலிருந்து ‘மாத்திரையை விடுதல்’ என்ற கட்டத்துக்கு உலக்கைத் தடிப்பில் ஓர் அம்பு போனது. பிறகு அந்தப் பயத்தைப் போக்கத் தாதி ஒருத்தி மூன்று மாதம் வகுப்பு நடத்தினாள். நோம்பு மாதத்தில் றமீலா மறுபடி போய் அதே கேள்விகளைக் கேட்டாள். நாற்பத்திரண்டு பேரில் நாற்பது பேர் பயமில்லை, ஒழுங்காகப் போடுகிறோம் என்றார்கள். புதிய படத்தில் அந்த அம்பையே காணோம்.

“பயம் போயிட்டு. தாதிய அடுத்த தோட்டத்துக்கு அனுப்புவம்” என்றார் ஹபீல் சேர்.

பெருநாள் முடிந்து, கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவுக்குப் பெருநாள் இனிப்பாக வட்டிலப்பம் கொண்டுபோனாள் றமீலா. அலுமாரி மேல் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது.

“பயமில்லண்டு தானேக்கா சொன்னீங்க?”

“பயமுன்னா மேல ஏழு கேள்வி கேப்பீங்களே மிஸ். நோம்போட நாக்கு வறண்டு நிக்கிறீங்க. அஞ்சு மணி பஸ்ஸ விட்டா நோம்பு தொறக்க வீடு போய்ச் சேர முடியுமா? அதான் பேசி வச்சு இல்லன்னுட்டோம். ரெண்டு பேருக்குச் சொல்ல மறந்துட்டோம்.”

றமீலாவுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் முட்டியது. சொன்னால் பதினோரு வருடப் பேர் கெடும். சொல்லாவிட்டால் தாதி போய்விடுவாள், இந்த மனுஷி ஒருநாள் மலையில் விழுவாள்.

மறுநாள் போய்ச் சொன்னாள். ஹபீல் சேர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத எந்தக் கட்டத்துல போடுற?”

“தெரியாது சேர். தாதிய மட்டும் அனுப்பாதீங்க.”

தாதி அந்தத் தோட்டத்திலேயே நின்றாள். றமீலா மூன்றாம் தடவை கேள்வி கேட்கத் தோட்டத்துக்குப் போனாள். எல்லோரும் பார்க்க ஒரு கோப்பைத் தேத்தண்ணியை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் தாளை விரித்தாள்.

“மாத்திரைக்குப் பயமாக்கா?”

“பயந்தான் மிஸ்” என்றாள் பேச்சியம்மா. “போட்டா தல சுத்துது. கொழுந்துக் கூடையோட உருண்டா யாரு தூக்குறது?” பிறகு அவளே, “மத்த ஏழு கேள்வியயும் கேளுங்க” என்றாள்.

ஏழு கேள்வியையும் கேட்டு முடிப்பதற்குள் அஞ்சு மணி பஸ் போய்விட்டது.