ஐந்து கறுப்புக் கட்டங்கள்

எங்கள் அலுவலகத்தில் அவளைக் கட்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். பத்தாயிரம் சின்னக் கட்டங்கள் போட்ட ஒரு தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, இருபது வருடமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறவள். ஒரு கட்டம் ஓர் ஆள். கறுப்படித்த கட்டம் இந்த வருடம் சாகப்போகிற ஆள்.

"இந்த அஞ்சு கறுப்பு ரெண்டா குறையணும்னா நீங்க எவ்வளவு தருவீங்க?" என்று கேட்பாள். பத்தாயிரம் பேரும் தருவதைக் கூட்டி, பிழைக்கிற மூன்று பேரால் வகுத்தால் ஓர் உயிரின் விலை வந்துவிடும். வகுப்பது என் வேலை. இதற்குச் சம்பளம் வேறு வாங்குகிறேன்.

போன வருடம் கேஸ் குழாய்க் கணக்கு வந்தது. மண்ணுக்கடியில் துருப்பிடித்துக் கிடக்கும் குழாய்களை எந்தத் தெருவில் முதலில் மாற்றுவது என்று நாங்கள் சொல்ல வேண்டும். அதிகம் தருவதாகச் சொல்லும் தெருவுக்கு முதலிடம். அக்காவின் தங்கை குடியிருக்கும் தெருவும் அதில் இருந்தது.

தங்கை தையல் மிஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாளாம். "ஒத்தப் பைசா தர மாட்டேன்க்கா. குழாய போட்டது அவங்க. மாத்த வேண்டியதும் அவங்கதான? தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுட்டேன்."

"நியாயமாத்தான்டி பேசற" என்று சிரித்தபடி அக்கா பூஜ்யம் எழுதினாள். அந்தத் தெருவின் முப்பத்தெட்டு வீட்டிலும் பூஜ்யம். காரணம் என்ற இடத்தில், 'இது எங்கள் பொறுப்பு இல்லை.'

அப்படிக் கோபத்தில் சொன்ன பூஜ்யத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. இதை அக்காவிடம் யாரும் சொன்னதில்லை. முப்பத்தெட்டு தாளையும் ஒதுக்கியவன் நான். அறிக்கையில் அந்தத் தெருவே இல்லாமல் போனது. விஷயம் தெரிந்ததும் அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"நான் தரேன் தம்பி, எவ்வளவுன்னாலும். அந்தத் தாளெல்லாம் குடுங்க, மாத்தி எழுதறேன்."

அறிக்கை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அன்றிலிருந்து அவள் தங்கை வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறாள். இன்று வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "தெருமுனையிலேயே கேஸ் வாடை அடிக்குது தம்பி. அவள கேட்டா, எனக்கு ஒண்ணும் தெரியலயேங்கறா. மூக்குக்குப் பழகிப்போச்சு."

உடனே குழாய் ஆபீசுக்குப் போன் போட்டேன். தெருப் பெயரைக் கேட்டார்கள். காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அவசரமான தெருவெல்லாம் முடிச்சிட்டு வரோம் சார். இந்தத் தெரு உங்க அறிக்கையிலயே இல்லயே."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.