வலது முன்சக்கரமும் கோதண்டபாணி சாரும்

"அப்பா போயிட்டாருங்க டீச்சர்" என்று கோதண்டபாணி சாரின் மகன் செந்தில் போனில் சொன்னபோது நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வருத்தம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் கோபம் வந்தது. காரியம் முடிந்த பிறகும் அது தணியவில்லை. வந்திருந்த நம் ப்ளாக்காரர்கள் நீங்கள், "நீங்கதான் தமிழ் டீச்சராச்சே, சாரைப் பத்தி நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். எழுதுகிறேன் என்றுதான் நான் சொன்னேன். நல்லதாக எழுதுகிறேன் என்று சொல்லவில்லை.

அவரை உங்களுக்குத் தெரியும். மைன்ஸில் நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்கு ஃபோர்மேன். பெல்ட்டுக்கு அடியில் உருளும் ரோலர்களின் பேரிங்குகளோடு வாழ்க்கையைக் கழித்தவர். ஓய்வு பெற்று மகனோடு நம் ப்ளாக்குக்குக் குடிவந்ததும், ப்ளாக்கையே தன் செக்‌ஷனாக எடுத்துக்கொண்டார். யார் வீட்டு மிக்ஸி கத்தினாலும் கூப்பிடாமலே வந்து நிற்பார். "சத்தத்தப் பத்தி எங்கிட்ட சொல்லாதீங்க, நான் சத்தத்துக்குள்ளயே இருந்தவன்" என்பார். என் கணவர் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். அதனால் எங்கள் வீட்டில் அவர் சொல்லுக்கு அப்பீல் கிடையாது.

என் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதும் உங்களுக்குத் தெரியும். டயாலிசிஸுக்கு அவரைப் புதுச்சேரிக்கு நான்தான் பாதிநாள் லீவு போட்டு, வண்டி ஓட்டிக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர் காலை நீட்டி உட்கார வேண்டும் என்பதற்காகவே எஸ்யூவி வாங்கினோம். போன வருஷம் அதன் வலது முன்சக்கரத்தில் ஒரு முனகல் கிளம்பியது. வேகம் கூடினால் அதுவும் கூடும். இடப்பக்கம் வளைத்தால் கனக்கும், வலப்பக்கம் வளைத்தால் அடங்கிவிடும். இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் இறங்குகிறது, அதனால் கெட்டது வலது பேரிங்தான் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், தினமும் ஓட்டுகிறவளுக்குத் தெரியும்.

கோதண்டபாணி சார் வந்தார். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றிவிட்டார். "வெண்ணெ மாதிரி சுத்துது பாருங்க. பேரிங்கு போயிருந்தா கையில கரகரன்னும். இது டயர் சத்தம்" என்றார். பெல்ட்டை நிறுத்திவிட்டு ரோலரைக் கையால் சுற்றிப் பார்ப்பது மைன்ஸ் பழக்கம். தரையை விட்டுத் தூக்கிய சக்கரத்தில் பாரம் ஏது? பாரமில்லாமல் அந்தச் சத்தம் எப்படி வரும்? "ஒரு தடவை ரோட்டுல ஓட்டிப் பாருங்க சார்" என்றேன். "டீச்சர், நீங்க பாடம் நடத்துற எடத்துல வந்து நான் இலக்கணம் சொல்லிக்கினு இருக்கேனா?" என்றார். என் கணவர் வேறு சிரித்தார்.

சரி என்று முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றினோம். டயர்தான் காரணம் என்றால் சத்தமும் பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதைச் சொன்னதற்கு, "புது எடத்துல டயரு பழகணும்" என்றார். டயர் என்ன மருமகளா, புது இடத்தில் பழகுவதற்கு?

குள்ளஞ்சாவடியைத் தாண்டி ஒரு மதியம் சக்கரம் அரைக்க ஆரம்பித்தது. ஸ்டியரிங் உதறியது, தீய்ந்த நாற்றம் வந்தது. ஓரமாக நிறுத்தினேன். கால் இரண்டும் வீங்கிப்போய், மூச்சு வாங்க, என் கணவர் முந்திரிமர நிழலில் உட்கார்ந்திருந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வழியில் வந்த ஒரு வேன்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். அன்று என் கணவர் பிழைத்ததே பெரிது.

பிறகு பேரிங்கை மாற்றினேன், சத்தம் அன்றோடு நின்றது. பொரிந்துபோன பழைய பேரிங்கைப் பையில் போட்டு எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கழட்டறப்ப சுத்தியால அடிச்சிருக்கான். அந்த வடு இது" என்றார். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட நான் எதிர்பார்க்கவில்லை. 'ஆமாம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை.

போன மாதம் பண்ருட்டியில் ஒரு கல்யாணம். எங்கள் காரில் இடம் இருந்தது. "கோதண்டபாணி சாரையும் கூப்பிடலாமே" என்றார் என் கணவர். செந்திலிடம் சொல்லியும் விட்டோம். வீம்பு பிடித்த மனிதர், பஸ்ஸில் போனார். சாப்பாடு முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது மண்டப வாசலில் சட்டை நனைய வேர்த்து உட்கார்ந்திருந்தார். கை நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது.

"காஸுதாம்மா. சோடா குடிச்சா சரியாயிடும்."

"ஏறுங்க சார்" என்றார் என் கணவர். அவரிடம் என் கணவர் உத்தரவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். ஏறிக்கொண்டார். "வூட்ல எறக்கி வுடுங்க, போதும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் காதில் வாங்கவில்லை. பாதி வழியில் கண்ணை மூடிக்கொண்டே, "சத்தம் இல்லியே" என்றார்.

"பேரிங் மாத்தியாச்சு சார்."

"டயரும் புதுசு போல இருக்குதே."

அந்த நிலைமையிலும் இப்படி ஒரு பேச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி வாசலில் போய் நிறுத்தினேன். மறுநாள் காலையில்தான் செந்தில் போன் செய்தான். கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே அவருக்கு வலி வந்துவிட்டது என்பதும், காஸ் என்று வீட்டில் எல்லார் வாயையும் அடைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார் என்பதும் அதன் பிறகே எனக்குத் தெரிந்தது.

அவருடையது என்று என்னிடம் இருப்பது இந்தக் கோபம் ஒன்றுதான். அதை யாருக்கும் கொடுக்கமாட்டேன். சார், நெஞ்சு வலிக்கிறது என்று காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் காலையிலேயே வண்டியை எடுத்திருப்பேன்.