புவாண்ட்-கிளேரில் யாரும் பார்க்காத ரயில்கள்

அனுசூயாவைப் பற்றி மொன்றியல் தமிழர்களிடம் கேட்டிருந்தால், நன்றாக ரசம் வைப்பாள் என்று சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு அந்த ஊரில் இருந்த தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டாக்டர், பேராசிரியர், எஞ்சினியர் என்று எல்லோரும் படித்தவர்கள். அத்தனை படித்தவர்களுக்கும் அவளைப் பற்றித் தெரிந்தது ரசம் மட்டும்தான். ஆறு வருஷம், ஒரு நாள் விடாமல், அவள் என்ன செய்தாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்த ஒரே மனிதர் அவள் புருஷன் சந்திரமௌலி. அவரோ அதைத் தன் வேலை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அனுசூயாவின் அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில், டைம் ஆபீஸில் இருந்தவர். எத்தனை மணிக்கு யார் உள்ளே போனார், யார் வெளியே வந்தார் என்று எழுதுவதே அவர் பிழைப்பு. வீட்டிலும் அதே புத்திதான். எதைச் சொன்னாலும் மணியோடு சொல்ல வேண்டும். பெண் பி.எஸ்சி. கணக்கு முடித்ததும், கனடாவில் எஞ்சினியர் என்று ஒரு வரன் வந்தது. பெண் பார்க்க வந்த சந்திரமௌலி பாடத் தெரியுமா என்று கேட்கவில்லை. "உங்க ஆத்துக்குப் பின்னாடி இப்போ ஒரு வண்டி போச்சே, என்ன எஞ்சின்?" என்று கேட்டார். அவள் வகையையும் சொல்லி, நம்பரையும் சொல்லி, நாலு நிமிஷம் லேட் என்றும் சொன்னாள். இப்படியும் ஒரு மனிதரா என்று அவளுக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று. பாடச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள்.

சந்திரமௌலிக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது இங்கிலாந்தில். லீட்ஸில் மேற்படிப்பு படித்தபோது, பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்த ரயில் நேசர் சங்கத்தில் சேர்ந்தார். வயது வந்த ஆண்கள், வேலை வெட்டி உள்ளவர்கள், மழையில் பிளாட்பாரத்துக் கோடியில் நின்றுகொண்டு போகிற வருகிற எஞ்சினின் நம்பரைக் குறித்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய எஞ்சினைச் சுற்றி உட்கார்ந்து துரு சுரண்டுவார்கள். சந்திரமௌலி கனடாவுக்கு வந்த பிறகும் சங்கத்தின் மாதச் செய்தித்தாள் கப்பலில் வந்துகொண்டிருந்தது. எந்தக் கிளைப் பாதையை மூடினார்கள், கடைசி நீராவி வண்டிக்கு எத்தனை பேர் வழியனுப்ப வந்தார்கள், மாதா கோயில் கூடத்தில் யார் படம் போட்டுக் காட்டினார்கள் என்று பன்னிரண்டு பக்கம். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவர்கள் முதலில் குடியிருந்த இரண்டு அறை வீட்டில் சாமி படத்துக்கு இடம் இல்லை, அந்தச் செய்தித்தாளுக்கு ஓர் அலமாரி இருந்தது.

அந்தச் சங்கத்தில் ஒரே ஒரு விதியைத்தான் வேதம்போல் வைத்திருந்தார்கள். தன் கண்ணால் பார்க்காத எஞ்சினைப் பதிவு செய்யக் கூடாது. நண்பன் பார்த்தான், தம்பி பார்த்தான் என்றெல்லாம் எழுத முடியாது. வீட்டுக்கு யார் வந்தாலும் சந்திரமௌலி இந்த விதியை விளக்குவார். "இது வெறும் பொழுதுபோக்கு இல்லை சார், ஒரு ஒழுக்கம்" என்பார். அப்போது அனுசூயா ரசம் பரிமாறிக்கொண்டிருப்பாள்.

அறுபத்தொன்பதில், மொன்றியலின் புறநகரான புவாண்ட்-கிளேரில் வீடு வாங்கினார்கள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் நெடுஞ்சாலையை ஒட்டி இரண்டு ரயில் கம்பெனிகளின் தண்டவாளங்களும் அடுத்தடுத்து ஓடும். சந்திரமௌலிக்குத் தலைகால் புரியவில்லை. சங்கத்தில் 'இடைவிடாப் பதிவு' என்று ஒன்று உண்டு. ஒரே இடத்தில் இருந்து, பகல் வெளிச்சத்தில், தினமும் குறைந்தது மூன்று வண்டிகளை நம்பரோடும் நேரத்தோடும் குறிக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் கணக்கு முதலில் இருந்து ஆரம்பம். ஜூலை முதல் தேதி ஆரம்பித்தார். பதினொன்றாம் தேதி ஆபீஸில் வேலை அதிகம் என்று அவளைப் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் ஜன்னல் பக்கம் வரவே இல்லை.

"விதின்னு ஒண்ணு சொல்லுவேளே, அது என்னாச்சு?" என்று அவள் ஒரு தடவை கேட்டாள்.

"நீ பாத்தா என்ன, நான் பாத்தா என்ன? நாம ரெண்டு பேரா?" என்றார்.

அவளும் அதை நம்பினாள். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கோடு போட்ட நோட்டில் அவள் குறித்து வைப்பாள். மாசக் கடைசியில் அவர் பச்சை மசியில் அழகாகப் படிவத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புவார். இதில் கொடுமை என்னவென்றால், தினமும் காலையில் அவர் வேலைக்குப் போகிற ரயில் அதே ஜன்னலுக்கு எதிரேதான் போகும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல், சங்கச் செய்தித்தாளைப் படித்துக்கொண்டு போவார். அந்த வண்டியின் நம்பரையும் அவள்தான் குறித்துக்கொள்வாள்.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. தபால்காரன் 'போன்ஷூர் மதாம்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வதுதான் பல நாள் அவள் காதில் விழுந்த ஒரே மனிதக் குரல். ஜன்னலில் நிற்கும்போது மட்டும் மனசு விழித்துக்கொள்ளும். எந்த எஞ்சின் எந்தக் கிழமை மேற்கே போகும், எந்தக் கிழமை திரும்பும் என்பது அவளுக்கு அத்துப்படியாயிற்று. எழுபத்தொன்று மார்ச்சில் பனிப்புயல் ஊரையே மூடியபோது, காய்ச்சலோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, இருட்டுவதற்குள் மூன்று வண்டியைப் பிடித்தாள். ஒன்று பனி தள்ளும் வண்டி. சந்திரமௌலி அன்று நகரத்தில், ஆபீஸ் மேஜைமேல் படுத்துக் கிடந்தார். மூன்று மாதம் கழித்துச் செய்தித்தாளில் வந்தது: 'புயலிலும் கண் இமைக்காத எங்கள் மொன்றியல் மௌலி.' அதை வெட்டிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அவளும் ஆணி பிடித்துக் கொடுத்தாள்.

எழுபத்துமூன்றில் தங்கை கல்யாணம். அப்பா மூன்று கடிதம் போட்டார். "போயிட்டு வா, நான் வேண்டாங்கலை. ஆனா நாலு வருஷப் பதிவு போயிடும், யோசிச்சுக்கோ" என்றார் சந்திரமௌலி. லீவு போட்டு நான் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் போகவில்லை. முகூர்த்த நேரத்தை மொன்றியல் நேரத்துக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, அந்த நடுராத்திரியில் விளக்கேற்றி வைத்து அழுதாள். விடிந்ததும் ஜன்னலுக்குப் போனாள். இவ்வளவு கொடுத்த பிறகு அந்தப் பதிவு அவளுக்குப் பொழுதுபோக்காக இருக்க முடியுமா?

எழுபத்தைந்தில் இங்கிலாந்தில் ரயில் ஓடத் தொடங்கிய நூற்றைம்பதாவது ஆண்டு. ஊரெல்லாம் விழா. சங்கமும் விழா எடுத்தது. மிக நீண்ட இடைவிடாப் பதிவு வைத்திருக்கும் உறுப்பினருக்கு, சங்கத்தார் துரு சுரண்டி உயிர் கொடுத்த நீராவி எஞ்சினில், டிரைவர் பக்கத்தில் நின்று போகும் மரியாதை. அது மொன்றியல் மௌலிக்கு என்று செயலாளர் ஹார்வுட் எழுதியிருந்தார். ஒரு படிவமும் வைத்திருந்தார். எல்லாப் பதிவும் உறுப்பினர் தன் கண்ணால் பார்த்ததே என்று, கூட வசிப்பவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அனுசூயா அந்தத் தாளை வெகு நேரம் பார்த்தாள்.

"என் பேரையும் சேத்து எழுதிடுங்கோளேன். ரெண்டு பேரும் பாத்தோம்னு."

"ரெண்டு பேர் பதிவுன்னு ஒண்ணு கிடையாது அனு. எழுதினா ஆறு வருஷமும் செல்லாமப் போயிடும். இது ஒரு ஃபார்மாலிட்டி. போடு."

போட்டாள். தான் பார்க்கவில்லை என்று தானே சாட்சி சொன்னாள். படித்த பெண், கணக்கில் முதல் வகுப்பு. என்ன சொல்வது!

ஆகஸ்டில் மூன்று வாரத்துக்கு அவர் கிளம்பினார். விமான நிலையத்தில் வைத்து அவர் சொன்ன கடைசி வார்த்தை, "பதிவுல ஓட்டை விழாமப் பாத்துக்கோ." காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது அனுசூயாவுக்கு ஒன்று உறைத்தது. இந்த மூன்று வாரம் அவர் இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் இருக்கிறார். ஊரே பார்க்க, எஞ்சின்மேல் நிற்கப்போகிறார். இந்த மூன்று வாரத்துப் பதிவை அவர் பேரில் எப்படி எழுத முடியும்? அவள் பேரில்தான் எழுதியாக வேண்டும். வேறு வழியே இல்லை. ஆறு வருஷத்தில் இருபத்தொரு நாளாவது அவளுடையது என்று அச்சில் வரும்.

அந்த இருபத்தொரு நாளும் அவள் மூன்றோடு நிறுத்தவில்லை. எட்டு வண்டி, பத்து வண்டி என்று எழுதினாள். எஞ்சின்களின் வரிசை, பெட்டிகளின் எண்ணிக்கை, காற்று எந்தத் திசை என்பதுகூட. பொன்மலை டைம் ஆபீஸ் பேரேடு தோற்றது போங்கள். எழுத்தும் அச்சடித்தாற்போல் இருந்தது. அடுப்பில் சாதம் குழைந்து போனது, அவள் கவலைப்படவில்லை.

சந்திரமௌலி முகத்தில் கரி வாசனை போகாமல் வந்து இறங்கினார். மாசக் கடைசி. உட்கார்ந்து, எஞ்சின்மேல் நின்ற கதையைச் சொல்லிக்கொண்டே, பச்சை மசியில் நோட்டைப் பார்த்துப் படிவத்தில் எழுதினார். முப்பத்தொரு கட்டமும் நிரம்பியிருப்பதைப் பார்த்து அவருக்குப் பரம திருப்தி. ஒன்று விடாமல் எழுதி, வழக்கம்போல் அடியில் தன் கையெழுத்தைப் போட்டு, மறுநாள் ஆபீஸ் போகிற வழியில் தபாலில் சேர்த்துவிட்டார். ஓட்டை இல்லாமல் இருந்தால் போதும் என்று ஆறு வருஷம் பழகிய கை அது. தான் எந்த நாட்டில் இருந்தோம் என்று அந்தக் கைக்குத் தோன்றவில்லை.

ஹார்வுட்டுக்குத் தோன்றியது. அவர் கூடவே எஞ்சினில் நின்றவராயிற்றே. அக்டோபர் முதல் வாரத்தில் கடிதம் வந்தது. எங்கள் ஊரில் என்னோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்த அதே நாளில் மொன்றியலில் பத்து வண்டிகளைக் கண்டது எப்படி என்று கேட்டிருந்தார்.

"உண்மையைச் சொல்லிடுங்கோ. நான் பாத்தேன்னு எழுதுங்கோ. முதல்லேர்ந்தே நான்தான்னு எழுதுங்கோ" என்றாள் அனுசூயா.

"ஆறு வருஷமா பொண்டாட்டி சமையல் பண்ணிண்டே பாத்ததுன்னு எழுதச் சொல்றியா? அத்தனை பேரும் சிரிப்பான்."

"நான் பாத்தது நிஜம்தானே?"

"இப்போ நிஜம் பொய்யா பிரச்சினை? என் மானம் போறது."

அவர் எழுதிப் போட்டது இதுதான்: அந்த மூன்று வாரம் பதிவு விட்டுப்போகக் கூடாதே என்ற ஆசையில் உத்தேசமாக நிரப்பிவிட்டேன், மன்னிக்கவும். மனைவி பார்த்தாள் என்பதைவிட, நானே புளுகினேன் என்பது அவருக்குக் கௌரவமாகப் பட்டது. ஒரு நாள் புளுகினவன் எல்லா நாளும் புளுகியிருப்பான் என்று சங்கம் முடிவு கட்டியது. நவம்பர் மாதச் செய்தித்தாளில் நாலே வரி. புவாண்ட்-கிளேர் பதிவுகள், இரண்டாயிரத்து இருநூற்றுச் சொச்சம் நாட்களும், எவராலும் காணப்படாதவை என்று நீக்கப்படுகின்றன.

எவராலும் காணப்படாதவை! புயலில் பார்த்தது, காய்ச்சலில் பார்த்தது, தங்கை கல்யாணத்தன்று அழுத கண்ணோடு பார்த்தது, எல்லாம் எவராலும் காணப்படாதவை. புருஷன் செய்தது போதாதென்று, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரன் ஒரு வாக்கியத்தில் அவள் கண்ணைப் பிடுங்கிவிட்டான். மூன்று நாள் உட்கார்ந்து, எழுதி எழுதிக் கிழித்து, ஆங்கிலத்தில் நாலு பக்கக் கடிதம் எழுதினாள். எந்த எஞ்சின் எந்தக் கிழமை வரும், எதற்கு முகப்பில் நசுங்கல், எது இழுவையில் திணறும் என்று நேரத்தோடு எழுதினாள். நோட்டுகளை அனுப்பத் தயார் என்றாள். கீழே முழுப் பெயரையும் எழுதி, சந்திரமௌலிக்குத் தெரியாமல் தானே தபாலில் சேர்த்தாள்.

பதிலுக்காக அவள் காத்திருந்ததைப்போல் எதற்கும் காத்திருந்ததில்லை. பிப்ரவரி நடுவில், ஒரு நாள் பகலில் பதில் வந்தது. உறை சந்திரமௌலியின் பேருக்கு வந்திருந்தது. சாயங்காலம் வந்து அவர் பிரித்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேஜையருகே நின்றாள். படிக்கப் படிக்க அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

"நீ லெட்டர் போட்டியா? சொல்லவே இல்லையே!" என்று சிரித்துவிட்டு, வாய்விட்டுப் படித்தார். "'உங்கள் மனைவி உங்களுக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள முன்வந்தது எங்களை நெகிழ வைத்தது. ஆனால் எல்லாவற்றையும் நீங்களே கண்ணால் பார்த்ததாக உங்கள் மனைவி போட்ட கையெழுத்து எங்களிடம் இருக்கிறது. உங்கள் மனைவியைப் போன்ற ஒருவர் கிடைக்க நீங்கள் கொடுத்து வைத்தவர். உங்கள் மனைவிக்கு எங்கள் வணக்கம்.'"

படித்து முடித்து அவளை நிமிர்ந்து பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் குரலில் பிரியம் இருந்தது. "பாத்தியா, உன்னை எவ்வளவு உயர்த்தி எழுதியிருக்கான்!"

அனுசூயா கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். நின்றபடியே மேலிருந்து கீழ்வரை ஒரு முறை தேடினாள், மறுபடியும் ஒரு முறை தேடினாள். நாலு இடத்தில் அவளைப் பற்றி இருந்தது. நாலு இடத்திலும் 'உங்கள் மனைவி' என்றுதான் இருந்தது.