புள்ளி வண்டின் புழுவுக்கு நான் எழுதிக் கொடுத்த பதில்

வேளாண் அறிவியல் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்ததற்கு ஒரே காரணம், அன்றைக்கு நான் விடுப்பில் இருந்ததுதான். ஆசிரியர் கூட்டத்தில் சுற்றறிக்கையை வாசித்திருக்கிறார்கள். வந்திருந்தவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். வராதவள் தலையில் கட்டியாயிற்று. மறுநாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, நீங்கள்தான் விலங்கியல் படித்தவராயிற்றே, புழு பூச்சியெல்லாம் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு என்றார். நான் முதுகலையில் படித்தது தவளையும் கரப்பான் பூச்சியும். தென்காசி வட்டாரத்தில் இரண்டையும் யாரும் பயிரிடுவதில்லை.

நான் தென்காசி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. வயல் என்றால் எனக்கு, திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பச்சையாகத் தெரிவது. அதற்குமேல் யாராவது கேட்டால் கோபம் வரும். ஆனாலும் நான் கலங்கவில்லை. பதினெட்டு வருஷமாக ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். எந்தப் பாடத்தையும் ஒரு மதிப்பெண் வினாக்களாக நறுக்கிவிட்டால் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். நடத்துகிறவளுக்குப் பாடம் தெரியாமல் இருப்பது ஒருவகையில் சௌகரியம்கூட. வளவளவென்று விளக்கத் தோன்றாது.

போட்டி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. பள்ளிக்கு இரண்டு பேர், பரிசு தனித்தனி. முதலில் எழுத்துத் தேர்வு, பிறகு மேஜையில் வைத்திருக்கும் விதைகளையும் பூச்சிகளையும் பார்த்துப் பெயர் எழுதுவது, கடைசியில் நடுவர் நேரில் கேட்கும் கேள்வி. இடம் குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபம், அதுவும் நல்ல சீசனில். விவசாயப் போட்டியை அருவிக்கரையில் வைப்பானேன் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததைக் கேட்பது நாகரிகம் இல்லை.

முதல் பிள்ளையைத் தேர்ந்தெடுப்பதில் சிரமமே இல்லை. வகுப்பில் முதல் மார்க். வாப்பா சவூதியில் இருக்கிறார். ஒரு பக்கத்தை இரண்டு தரம் வாசித்தால் கால்புள்ளியோடு ஒப்பிப்பாள். புழுவைக் கண்டால் பெஞ்சின் மேல் ஏறி நின்றுவிடுவாள், அது ஒன்றுதான் குறை. படத்தில் பார்த்தால் பயமில்லை என்றாள். எனக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பிள்ளையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது கை தூக்கிய ஒரே ஆள் அவள்தான். கடையத்துக்குப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அப்பா போலீஸில் ஏட்டு. வீட்டை ஒட்டிக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, அம்மாவும் இவளும் கத்தரி, தட்டப்பயறு என்று ஏதாவது போடுவார்கள். நடுத்தரமான மார்க். அத்தோடு, வகுப்பில் என்னைத் திருத்துகிற பழக்கமும் உண்டு. வேரில் காய்ப்பவை என்று நான் கரும்பலகையில் எழுதிய பட்டியலில் கடலையைச் சேர்த்திருந்தேன். அவள் எழுந்து, "கடலை வேருல காய்க்காது டீச்சர். பூ விட்டு, அதுலருந்து ஊசி மாதிரி இறங்கி மண்ணுக்குள்ள போயித்தான் காய்க்கும்" என்றாள். உட்கார் என்றேன். வீட்டுக்குப் போய் போனில் தேடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மறுநாள் கரும்பலகையில் இருந்ததை அழித்தேன், வகுப்பில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அவள் ஏன் கை தூக்கினாள் என்பது ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. பிளஸ் ஒன்னில் வேளாண்மைத் தொழிற்பிரிவு எடுத்து, அப்படியே விவசாயக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பாவுக்கு அவள் கணக்குப் பிரிவு எடுத்து, டிகிரி முடித்து, எஸ்.ஐ. தேர்வு எழுத வேண்டும். மண்ணில் கிடந்து அழிய அவர் மகளைப் படிக்க வைக்கவில்லையாம். வீட்டில் பேச்சு முற்றி, கடைசியில் அவர் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். போட்டியில் முதல் பரிசு வாங்கினால் அவள் கேட்ட பிரிவு, வாங்காவிட்டால் அவர் சொன்ன பிரிவு. அதற்குமேல் பேச்சே இருக்கக் கூடாது. போலீஸ்காரர் இல்லையா, அம்மாவையும் தாய்மாமாவையும் சாட்சியாக உட்கார வைத்துத்தான் சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டதும் எனக்கு வீறாப்பு வந்துவிட்டது. வாங்கிக் காட்டுவோம் என்றேன். போனில் தேடி எடுத்த படங்களை வண்ணத்தில் அச்சடித்தேன். வீட்டில் சேர்ந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, முன்பக்கம் படத்தை ஒட்டி, பின்பக்கம் பெயரும் இரண்டு வரிப் பதிலும் எழுதினேன். நூறு கார்டுக்கு மேல் தேறியது. தினமும் மாலை நாலரை மணிக்குக் காலியான வகுப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவேன். கார்டு என் கையிலிருந்து முழுசாக எழும்பும் முன்பே வாப்பா சவூதியில் இருக்கிறவள் பதிலைச் சொல்லி முடித்திருப்பாள். கடையத்துக்காரி மட்டும் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். யோசிக்கிற கெட்ட பழக்கத்தை விடச் சொல்லி நான் அவளைப் பலமுறை கண்டித்திருக்கிறேன்.

அப்படிப் பார்க்கும்போதுதான் அந்தக் கார்டில் வந்து நின்றாள். கருப்பாக, முதுகில் ஆரஞ்சுத் திட்டுகளோடு, குட்டி முதலை போல ஒரு புழு. பின்னால் நான் எழுதியிருந்தது: கத்தரி புள்ளி வண்டின் புழு. இலையை அரித்துத் தின்னும். மருந்து தெளித்துக் கட்டுப்படுத்த வேண்டும்.

"இது அந்தப் புழு இல்ல டீச்சர். கத்தரி இலைய அரிக்கிறது மஞ்சளா, குண்டா, மேலெல்லாம் முள்ளா இருக்கும். இது வேற. இது பேனைத் திங்குத புழு. இதுக்கு நாங்க மருந்தே அடிக்க மாட்டோம்."

பேன் என்று அவள் சொன்னது செடியின் குருத்தில் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியை. அந்த மட்டும் எனக்குப் புரிந்தது. மிச்சத்தைப் புரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவில்லை. இலையைத் தின்னும் வண்டு, பேனைத் தின்னும் வண்டு இரண்டுக்குமே புள்ளி வண்டு என்றுதான் பெயர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. புள்ளி வண்டின் புழு என்று தேடினேன், இந்தப் படம் வந்தது, ஒட்டினேன். நடுவரும் இதே படத்தைப் பார்த்துத்தான் விடை எழுதி வைத்திருப்பார், உன் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்து அவர் மார்க் போடப் போவதில்லை, கார்டில் இருப்பதைச் சொல் என்றேன். மறுநாள் அவள் ஒரு டிபன் டப்பாவில் கத்தரி இலையும் பயற்றங்கொடியும் போட்டு, இரண்டு வகைப் புழுவையும் கொண்டுவந்திருந்தாள். பார்த்தால் எனக்கே புரியும் என்றாள். இன்னும் இருபது கார்டு பாக்கி இருக்கிறது, மூடி வை என்றேன். அந்த மூடியைத் திறக்க அரை நிமிஷம் ஆகியிருக்காது. ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கொண்டுவந்த டப்பாவுக்குள் என் தப்பு உயிரோடு நெளிந்துகொண்டிருக்கலாம் என்ற பயம்தான் என்னைத் தடுத்தது. இதை அப்போது நான் எனக்கே ஒத்துக்கொள்ளவில்லை. "சரி டீச்சர்" என்று டப்பாவைப் பைக்குள் வைத்தாள்.

போட்டி நாளில் நல்ல சாரல். தென்காசியிலிருந்து போன பஸ் முழுக்கத் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாகக் கூட்டம். பாடப் புத்தகத்தோடு போனது நாங்கள் மூன்று பேர்தான். பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள். நடுவர்கள் பதினொன்றே காலுக்கு வந்தார்கள், தலை ஈரமாக, முகமெல்லாம் தெளிவாக. அவர்களில் மூத்தவர் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றார்கள். அவர் மட்டும் குளிக்கவில்லை போலிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

எழுத்துத் தேர்வில் என் பிள்ளைகள் இருவரும் வெளுத்து வாங்கினார்கள். இரண்டாவது சுற்றில் வாப்பா சவூதியில் இருக்கிறவள் மாட்டிக்கொண்டாள். என் கார்டுகளில் எல்லா விதையும் ஒரே அளவில், புளியங்கொட்டை பெரிசில் இருந்தன. மேஜையில் இருந்தவை விதை அளவிலேயே இருந்தன. கேழ்வரகைக் கடுகு என்று எழுதிவிட்டு வந்து அழுதாள். கடையத்துக்காரி எல்லாவற்றையும் எழுதிவிட்டு, ஒரு கிண்ணத்தில் இருந்த உளுந்தில் வண்டு விழுந்திருப்பதையும் எழுதி வைத்துவிட்டு வந்தாள். கடைசியில் இவளும் திருவேங்கடம் பக்கத்துப் பள்ளிப் பெண் ஒருத்தியும் சம மதிப்பெண்ணில் நின்றார்கள். இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்பதாகவும், முதலில் சொல்லும் பதிலே கணக்கு என்றும் அறிவித்தார்கள்.

முதலில் இவளைக் கூப்பிட்டார்கள். மூத்த நடுவர் தன் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு பயற்றங்கொடியை எடுத்து மேஜையில் வைத்தார். குருத்து முழுக்கக் கருப்பாக அசுவினி. நடுவே, முதுகில் ஆரஞ்சுத் திட்டோடு, அந்தப் புழு. இது என்ன, இதைக் கண்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். இரண்டாவது வரிசையிலிருந்த எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம்முடைய கார்டு. அவள் புழுவைப் பார்த்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினேன், சொல்லு என்று.

"கத்தரி புள்ளி வண்டின் புழு. மருந்து தெளித்துக் கட்டுப்படுத்த வேண்டும்."

நடுவர் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் வருத்தத்தோடுதான் கேட்டார்.

"ஏட்டி, இத நீ எங்கனயும் பாத்ததே இல்லியா?"

"பாத்திருக்கேன் சார். எங்க தோட்டத்துல நெறைய உண்டு."

"அங்கன என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டோம் சார். பேனைத் திங்குத புழுல்லா, விட்டுருவோம்."

பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் பக்கம் கையைக் காட்டவில்லை, கார்டு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. முதல் பதில்தான் கணக்கு என்று பக்கத்திலிருந்தவர் நினைவூட்டினார். திருவேங்கடத்துப் பெண் உள்ளே வந்து, "நல்ல புழு சார், பேனைத் திங்கும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனாள். சாப்பாட்டு வரிசையில் அவளுடைய ஆசிரியரிடம், எப்படிப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்டேன். நேரமே இல்லை டீச்சர், பிள்ளையை அப்படியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்று கூச்சத்தோடு சொன்னார்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஏட்டு பைக்கோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டாம் பரிசாகக் கொடுத்திருந்த ஹாட் பாக்ஸை அவள் நீட்டினாள். இரண்டாவதா என்றார். தப்பாக ஒன்றும் பேசவில்லை, வண்டியில் ஏறச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. வாழ்க்கையில் எப்போதோ செய்திருக்க வேண்டியதை அன்றைக்குச் செய்தேன். சார், இது என்னுடைய தப்பு, அவளுக்குச் சரியான பதில் தெரியும், புழுவைக் கொண்டுவந்தே காட்டினாள், நான்தான் தப்பான பதிலைச் சொல்லக் கட்டாயப்படுத்தினேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று நடுவர் கேட்டபோதும் அவள் என்னைக் கைகாட்டவில்லை, நியாயப்படி முதல் பரிசு அவளுக்குத்தான் என்று மூச்சு விடாமல் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதைக் கேட்டு அவர் மனசு மாறும் என்று நிஜமாகவே நம்பினேன்.

அவர் மகளை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"தப்புன்னு தெரிஞ்சும் மேல உள்ளவங்க சொன்னதச் சொல்லிட்டு வந்திருக்கா. கேட்டதுக்கு உங்களக் காட்டியும் குடுக்கல. எங்க டிப்பார்ட்மெண்டுக்கு இதவிட என்ன வேணும் டீச்சர்? நல்லாப் பழக்கியிருக்கீங்க" என்றார்.

மனசார நன்றி சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அவள் ஹாட் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறேன் டீச்சர் என்று தலையசைத்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது அவள் பிளஸ் ஒன்னில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். இடையில் பத்தாம் வகுப்பு முழுக்க என்னிடம்தான் அறிவியல் படித்தாள். அந்த ஒரு வருஷத்தில் நான் எத்தனையோ தப்பு விட்டிருப்பேன், சிலதை வேண்டுமென்றே எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்த்ததும் உண்டு. ஒரு நாள்கூட அவள் எழுந்து நின்று என்னைத் திருத்தவில்லை. கரும்பலகையில் இருந்ததை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.