ஜீப் ஸ்டாண்டில் சொன்ன பெயர்

சிவசங்கரி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவள் மிளகாய் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். ஆகவே அவள் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இந்தச் சூரியநெல்லி மலையில் கிடையாது.

பிறந்தது இதே எஸ்டேட்டில். பூர்வீகமான கோவில்பட்டி அவளுக்குக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய்வருகிற ஊர், அவ்வளவுதான். பத்தாவது முடித்தாள், தேயிலைக் கொழுந்து வெட்ட வந்தாள், டீ ஃபேக்டரியில் வேலை பார்த்த ஈஸ்வரனைக் கட்டிக்கொண்டாள். ஒரே மகள் அனுப்பிரியா பிளஸ் ஒன் படிக்கிறாள். இதுவரை எஸ்டேட் வரிசை வீடுகளான இந்த லயத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் கிடைக்கிற கதை. ஆனால் இவளுக்கு வண்டிப் பைத்தியம். டூரிஸ்ட்டுகளுக்கு மலை உச்சியில் சூரியோதயம் காட்டிவிட்டு ஜீப்புகள் இறங்கி வருகிற நேரமும் நாங்கள் தேயிலைக் காட்டில் இறங்குகிற நேரமும் ஒன்று. நாங்கள் ஜீப்பில் இருக்கிறவர்களின் சட்டைத் துணியைப் பார்ப்போம். இவள் டிரைவர் எங்கே கியரை மாற்றுகிறான் என்று பார்ப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் எஸ்டேட்டில் ஒரு வகுப்பு நடந்தது. எறணாகுளத்திலிருந்து ஒரு சார் வந்து, வாழ்க்கையில் லட்சியம் வேண்டும், அது தெளிவாக இருக்க வேண்டும், எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று மத்தியானம் வரை பேசினார். நாங்கள் பரிப்பு வடைக்காக உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருத்தராக லட்சியத்தைச் சொல்லச் சொன்னார். சொந்த வீடு, மகள் கல்யாணம் என்று நாங்கள் சொன்னதையே சொன்னோம். சிவசங்கரி எழுந்து, "உச்சிக்கு ஜீப் ஓட்டணும் சார்" என்றாள். மொத்த ஹாலும் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். சார் மட்டும் சிரிக்காமல், அதைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள், ஒரு துண்டை முடித்துவிட்டு அடுத்ததைப் பார் என்றார்.

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். முதலில் லைசென்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமாலிக்குப் போய்ப் படித்து வாங்கினாள். அடுத்தது ஜீப். அவள் அண்ணன் பெரியமுத்து போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வந்தவர். முழங்கால் போய் வண்டியை நிறுத்திப் போட்டிருந்தார். அதைக் கேட்டு வாங்கிவந்து ரிப்பேர் பார்த்தாள். அதற்கடுத்து மலைப்பாதை. கல்லும் பள்ளமுமான அந்த வழியில் ஆள் ஏற்றாமல் ஏறி இறங்கிப் பழகினாள். ஈஸ்வரன் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். கல்யாணத்துக்கு முன்னே பிக்கப் ஓட்டிய ஆள்தான், லைசென்ஸும் உண்டு, ஆனால் மலையில் ஓட்டியதில்லை. எந்தப் பாறைக்கு எந்தப் பக்கம் சக்கரத்தை ஏற்ற வேண்டும் என்று அவனிடம் சொல்லிக்கொண்டே ஓட்டுவாள். துணைக்கு வருகிறான் என்று அவளும் நினைத்தாள், நாங்களும் நினைத்தோம்.

ஒரு சங்கதி சொல்ல வேண்டும். லயத்து வீடு எங்களுக்குச் சொந்தமில்லை. வீட்டில் ஒருத்தர் பெயராவது எஸ்டேட் பதிவில் இருந்தால்தான் வீடு. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசினார்கள். அவன் ஃபேக்டரியில் இருந்து வீட்டைக் காப்பாற்றுவது, அவள் வேலையை விட்டுவிட்டு ஜீப் ஓட்டுவது. அனுப்பிரியா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாக அவன் சரி என்றான்.

மிச்சம் இருந்தது ஜீப் ஸ்டாண்டு. வருஷத்துக்கு ஒரு கூட்டம் போடுவார்கள். எந்த வண்டி, யார் ஓட்டுவது என்று அங்கே சொல்லிவிட்டால் அந்த வருஷம் முழுக்க மாற்ற முடியாது. அந்தக் கூட்டத்தில் பெண்பிள்ளை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நீயே போய்ச் சொல்லுட்டி," என்றேன்.

"நானாப் போய் என் பேரச் சொன்னா திமிரும்பாக அக்கா. அவரு சொன்னா ஒருத்தரும் மறுக்க மாட்டாக."

வீட்டு ஆம்பளையை அனுப்பிப் பேசவைப்பது எங்கள் ஊர் மரியாதை. லைசென்ஸ் வாங்கின கை, பாறை மேல் ஜீப் ஏற்றின கை, அந்த ஒரு இடத்தில் மட்டும் புருஷனை முன்னால் தள்ளியது.

ஈஸ்வரன் கூட்டம் முடிந்து வந்து, "சொல்லியாச்சு, ஒத்துக்கிட்டாக," என்றான். அவள் கேசரி கிண்டி லயம் முழுக்கக் கொடுத்தாள். அவனும் ஒரு தட்டு நிறைய வாங்கிச் சாப்பிட்டான்.

அடுத்த வாரம் வேலையை விடுவதாகச் சொல்ல எஸ்டேட் ஆபீசுக்குப் போனாள். கூட நானும் போனேன். கிளார்க் யாக்கோபு சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஈஸ்வரன் போன வாரமே ராஜி கொடுத்தல்லோ, வேலைய விட்டல்லோ. இனி நீயும் நிறுத்தினா லயம் ஒழிஞ்சு தரணும். மனசிலாயோ?"

அவளுக்கு உடனே மனசிலாகவில்லை. ஆள் மாறிச் சொல்கிறீர்கள் என்றாள். அவர் தலையை ஆட்டினார். "ஜீப் ஓட்டப் போறேன்னு சொல்லியிட்டு போனான்."

அவள் விட வந்த வேலையை விடாமலே திரும்பினாள். வீட்டில் நடந்தது சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

"யாரு பேரச் சொன்னீக?"

"நம்ம வண்டியத்தான சொன்னேன்."

"யாரு பேருன்னு கேட்டேன்."

அவன் சொன்னான். "ஃபேக்டரி சூட்டுல எத்தன வருசம் நிக்கிறது? ஒனக்கு மட்டுந்தான் ஆசையா? இன்னது பண்ணி, இன்னது பண்ணி ஏறலாம்னு நீதான் தெளிவா வழி காட்டுன. அதே வழியிலதான் போறேன்."

அவள் போடிக்குப் போன் போட்டாள். பெரியமுத்து, "மாப்பிள ஓட்டுனா என்ன, நீ ஓட்டுனா என்னம்மா, ஒரே வீடுதான," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஈஸ்வரன் வைரியாக இருந்திருந்தால் அவள் எச்சரிக்கையாக இருந்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவனிடம் என்ன எச்சரிக்கை? அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் கேட்டது. மகள் படிப்பு முடியும்வரை இந்தக் கூரை வேண்டும். அதைப் பிடித்து நிறுத்த இப்போது அவள் பெயர் மட்டும்தான் பதிவில் இருந்தது.

மறுநாளிலிருந்து பழையபடி கொழுந்து வெட்டுகிற கத்தரியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு வந்தாள். ஈஸ்வரன் ஜீப்புக்குப் புதுச் சீட் உறை போட்டான். அவன் வண்டி எங்களைக் கடக்கும்போதெல்லாம் அவள் செடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் காலையில் அந்த ஜீப் எங்கள் பக்கத்தில் நின்றது. மெட்ராஸ் பக்கத்து ஆட்கள், போட்டோ எடுக்க ஆசைப்பட்டார்கள். இறங்கின பெண் சிவசங்கரியைக் காட்டி, "இவங்கள்லாம் யாருங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று டிரைவரைக் கேட்டாள்.

ஈஸ்வரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "எஸ்டேட்டுல வேல பாக்குற ஆளுங்க மேடம். யாராவது நிப்பாங்க," என்றான்.

கத்தரியோடு ரோட்டில் ஏறப் போனேன். சிவசங்கரி என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

அந்தப் பெண் நல்ல மாதிரி. போட்டோ எடுத்துவிட்டு, சும்மா போய்விடக் கூடாது என்று பேச்சுக் கொடுத்தாள். "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரும்மா? அவரும் இங்கதான் வேலையா?"

சிவசங்கரி நிமிர்ந்தாள். கழுத்தில் தாலிக்கயிறு வெளியே கிடந்தது, அதை மறைக்கவில்லை. ஜீப்பைப் பார்த்தாள், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"அப்படி யாரும் இல்லைங்க," என்றாள்.

அந்தப் பெண் ஐயோ என்று அவள் கையைத் தொட்டாள். சிவசங்கரி அடுத்த செடிக்கு நகர்ந்து வெட்டத் தொடங்கினாள். எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகும் ஜீப் கிளம்பவில்லை. "போலாம் டிரைவர்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.